டியூஷன் டீச்சர் தேடுறீங்களா? முதல் நாளே பேசிவிட வேண்டிய விஷயங்கள்

"10-ம் வகுப்பு கணக்குக்கு நல்ல டியூஷன் டீச்சர் யாராவது தெரியுமா? வீட்டுக்கு வந்து எடுக்கணும். அர்ஜென்ட்."

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், காலாண்டுத் தேர்வு மார்க் வந்ததும், பொங்கல் விடுமுறை முடிந்ததும் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் வரும் செய்தி இது. அரை மணி நேரத்தில் நாலைந்து நம்பர்கள் வந்து விழும். அதில் முதலில் போனை எடுத்தவர் மறுநாளே வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு மாதம் கழித்து அதே குழுவில் அதே வீட்டிலிருந்து மீண்டும் அதே கேள்வி வரும்.

பாடம் எடுக்க ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள், எம்.எஸ்சி. படித்துவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருக்கும் அம்மாக்கள், செமஸ்டர் ஃபீஸுக்காக மாலையில் வகுப்பு எடுக்கும் கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று ஒவ்வொரு ஊரிலும் பலர் இருக்கிறார்கள். தேடும் குடும்பங்களும் இருக்கின்றன. இருந்தும் இரு தரப்பும் சரியாகப் பொருந்துவதில்லை.

இதில் நஷ்டம் பிள்ளைக்குத்தான். புது டீச்சர் வந்தால் அவர் பிள்ளையைப் புரிந்துகொள்ளவே இரண்டு மூன்று வாரம் ஆகும். ஜூனில் தொடங்கி மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு, இரண்டு முறை டீச்சர் மாறினால் ஒன்றரை மாதம் போய்விடுகிறது. வகுப்பு எடுக்க வந்தவருக்கும் எதிர்பார்த்த வருமானம் திடீரென்று நின்றுபோகிறது.

இப்படிப் பாதியில் நிற்கும் டியூஷன்களைக் கவனித்தால் ஒன்று புரியும். பல நேரங்களில் டீச்சரும் மோசமில்லை, பிள்ளையும் மக்கு இல்லை. முதல் போன் காலில் கேட்காமல் விட்ட நாலைந்து கேள்விகள்தான் காரணம். அந்தக் கேள்விகள் என்ன, பணத்திலும் பாதுகாப்பிலும் எதைக் கவனிக்க வேண்டும், இதில் அரசு சேவைகள் எங்கே கைகொடுக்கும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் பள்ளியில் கேளுங்கள்

டியூஷன் தேடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். 2009-ம் ஆண்டின் இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு, ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தருவதும், பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்றல் முன்னேற்றம் பற்றிப் பேசுவதும் அதில் அடக்கம். அதனால் 8-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளையின் பெற்றோர், "என் பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறது? பள்ளியில் என்ன உதவி கிடைக்கும்?" என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது. கேட்க வேண்டிய கேள்விதான் அது.

வகுப்பாசிரியரோடு பத்து நிமிடம் பேசினாலே பாதி குழப்பம் தீரும். "கணக்குல வீக்" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். ஆசிரியரிடம் கேட்டால், "கணக்கு வருது, ஆனா கேள்வியைப் படிச்சுப் புரிஞ்சுக்க மாட்டேங்கிறான்" என்பார். அப்படியென்றால் தேவை கணக்கு டீச்சரா, வாசிப்புப் பயிற்சியா? இது தெரியாமல் டீச்சர் தேடினால் தேடலே தவறாகத் தொடங்குகிறது.

அதே பள்ளி ஆசிரியரையே டியூஷனுக்குக் கேட்கலாமா?

பலரும் முதலில் யோசிப்பது இதைத்தான். "ஸ்கூல்ல எடுக்கிற சாரே வீட்டுலயும் எடுத்தா நல்லதுதானே?" என்று தோன்றும். ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு, பள்ளி ஆசிரியர் எவரும் தனியாக டியூஷன் எடுப்பதில் ஈடுபடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. வகுப்பில் சொல்லித்தர வேண்டியதை வீட்டில் காசுக்குச் சொல்லித்தரும் நிலை வந்துவிடக் கூடாது, டியூஷன் வரும் பிள்ளை வராத பிள்ளை என்று வகுப்பில் பாகுபாடு வந்துவிடக் கூடாது என்ற அக்கறை இதில் இருக்கிறது.

எனவே, பணியில் உள்ள பள்ளி ஆசிரியரிடம் டியூஷன் கேட்டு அவரைச் சங்கடத்தில் தள்ள வேண்டாம். பள்ளி ஆசிரியர் ஒருவர் தன்னிடம் டியூஷன் சேரச் சொல்லி வற்புறுத்தினால், தலைமையாசிரியரிடமோ, பள்ளிக் கல்வித்துறையின் 14417 உதவி எண்ணிலோ சொல்லலாம்.

எந்தப் பாடத்திட்டம், எந்த மீடியம்?

"கெமிஸ்ட்ரி எடுப்பீங்களா?" "எடுப்பேன் மேடம்." இதோடு முடிந்துவிடும் உரையாடல்கள்தான் பின்னால் பிரச்சினை ஆகின்றன. பாடத்தின் பெயர் ஒன்றுதான், பாடத்திட்டம் வேறு. மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ ஒவ்வொன்றிலும் பாட வரிசையும் கேள்வித்தாள் அமைப்பும் வேறு வேறு. மாநிலப் பாடத்திட்டத்தில் பத்து வருடம் வகுப்பு எடுத்தவர்கூட சிபிஎஸ்இ பிள்ளைக்கு எடுக்க வேண்டுமென்றால், முதலில் அந்தப் புத்தகத்தை உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். அதைச் செய்ய அவருக்கு நேரம் இருக்கிறதா என்பதைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது மொழி. ஆங்கில மீடியத்தில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் தமிழில் விளக்கினால்தான் புரியும் என்ற நிலை நம்மிடம் மிகவும் சாதாரணம். தமிழ் மீடியத்தில் படித்து வந்த டீச்சருக்கு 'முடுக்கம்' என்றால் சட்டென்று வரும். பிள்ளைக்கு 'அக்சலரேஷன்' என்றால்தான் தெரியும். தமிழில் விளக்கி, பரீட்சையில் எழுத வேண்டிய ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தருபவர் வேண்டுமா, முழுக்க ஆங்கிலத்திலேயே எடுப்பவர் வேண்டுமா என்பதைக் குடும்பம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டீச்சரிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

டியூஷன் என்ற ஒரு சொல்லுக்குள் நாலு வகை வேலை இருக்கிறது.

• தினமும் ஹோம்வொர்க் முடிக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவைப்பது
• பள்ளியில் நடத்திய பாடத்தில் வரும் சந்தேகங்களைத் தீர்ப்பது
• கீழ் வகுப்பில் விட்டுப்போன அடிப்படையை முதலிலிருந்து சரிசெய்வது
• பொதுத்தேர்வுக்காக ரிவிஷன், டெஸ்ட் வைப்பது

நான்கும் வேறு வேறு வேலைகள். 7-ம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னமும் வகுத்தலும் தடுமாறுகிறது என்றால், டீச்சர் 4-ம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். அதற்குள் வரும் யூனிட் டெஸ்டில் மார்க் ஏறாது. "இவ்வளவு காசு கொடுத்தும் மார்க் ஏறலையே" என்று அப்பா நினைப்பார். "அடிப்படையே இல்லாத பிள்ளைக்கு எப்படி உடனே மார்க் வரும்?" என்று டீச்சர் நினைப்பார். இரண்டு பேர் நினைப்பதும் அவரவர் பக்கம் சரிதான். அவரவர் மனதில் வேறு வேறு வேலை இருந்திருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"எல்லா சப்ஜெக்ட்டும் எடுக்கணும்" என்ற கோரிக்கையும் இப்படித்தான். 5-ம் வகுப்பு வரை ஒருவரே எல்லாம் எடுப்பது நடைமுறையில் சாத்தியம். 9, 10-ம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் நன்றாக எடுப்பவர், தமிழ் இலக்கணமும் அதே தரத்தில் எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பிள்ளைக்கு உண்மையில் சிரமம் தரும் ஒன்றிரண்டு பாடத்துக்கு மட்டும் ஆள் தேடினால், செலவும் குறையும், பிள்ளைக்கும் விளையாட ஒரு மாலைப் பொழுது மிஞ்சும்.

தேடும் வழிகள், அவற்றின் கணக்கு

அக்கம்பக்கம் கேட்டு வருபவர்: ஏற்கெனவே ஒரு வீட்டில் எடுத்தவர் என்ற நம்பிக்கை கிடைக்கும். ஆனால் "எதிர் வீட்டுப் பையன் 90 வாங்கினான்" என்பதற்காக அவர் உங்கள் பிள்ளைக்கும் பொருந்துவார் என்று இல்லை. அந்தப் பையனுக்கு அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். ரிவிஷனா, அடிப்படையா?

ஏஜென்சி வழியாக வருபவர்: பல ஏஜென்சிகள் டீச்சரின் முதல் மாத ஃபீஸில் ஒரு பங்கையோ முழுவதையுமோ கமிஷனாக எடுத்துக்கொள்கின்றன. எவ்வளவு, யார் தருவது, டீச்சர் பாதியில் நின்றால் மாற்று ஆள் உண்டா என்பதை முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

செயலி, இணையதளம் வழியாக வருபவர்: நீங்கள் ஒரு முறை விவரம் கொடுத்ததும் பத்துப் பேர் போன் செய்வார்கள். காரணம், சில தளங்கள் ஒரே விசாரணையைப் பல டீச்சர்களுக்குக் காசுக்குக் கொடுக்கின்றன. போன் செய்பவர்கள் உங்கள் நம்பரைப் பார்க்கவே பணம் கட்டியிருக்கலாம். வேண்டாம் என்றால் தெளிவாக "ஆள் கிடைச்சிட்டாங்க" என்று சொல்லிவிடுங்கள், தளத்திலும் விசாரணையை மூடிவிடுங்கள். பிள்ளையின் போட்டோ, பள்ளியின் பெயர், முழு முகவரி ஆகியவற்றைப் பொதுவில் போட வேண்டாம். வகுப்பு, பாடம், ஏரியா பெயர் போதும்.

தளத்தில் இருக்கும் நட்சத்திர மதிப்பீட்டையோ, 'வெரிஃபைடு' என்ற முத்திரையையோ மட்டும் நம்ப வேண்டாம். போன் நம்பரைச் சரிபார்த்ததற்குக்கூட அந்த முத்திரை கிடைத்திருக்கலாம். எதைச் சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள். டீச்சரின் மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் டிஜிலாக்கரில் இருந்தால் அவரே தன் போனில் திறந்து காட்டலாம். நகல் வாங்கி வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஃபீஸ்: மாதக் கணக்கா, வகுப்புக் கணக்கா?

அதிகச் சண்டை வரும் இடம் இது. ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம்.

மாதம் 3,000 ரூபாய், வாரம் 3 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று பேசியிருக்கிறீர்கள். மாதத்துக்கு 12 வகுப்பு, வகுப்புக்கு 250 ரூபாய். ஒரு மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல், பண்டிகை, டீச்சர் வீட்டில் விசேஷம் என்று 4 வகுப்பு நடக்கவில்லை. 8 வகுப்புக்கு 3,000 என்றால் வகுப்புக்கு 375 ரூபாய் ஆகிறது. "நாலு கிளாஸ் காசைக் கழிச்சிக்கலாமா?" என்று அம்மா கேட்கிறார். "நான் வரத் தயாராத்தான் இருந்தேன், நீங்கதான் வேண்டாம்னீங்க" என்கிறார் டீச்சர்.

இதையே டீச்சர் பக்கத்திலிருந்து பாருங்கள். தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்கு வந்து எடுக்கிறார், போக வர ஒரு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேர வகுப்புக்கு அவர் செலவிடுவது இரண்டு மணி நேரம். 12 வகுப்புக்கு 24 மணி நேரம். 3,000 ரூபாயைப் பிரித்தால் மணிக்கு 125 ரூபாய்தான், அதிலும் பெட்ரோல் போக வேண்டும். "ஒரு மணி நேரத்துக்கு 250 ரூபாயா!" என்று பேரம் பேசும்போது இந்தக் கணக்கும் நினைவில் இருந்தால் நல்லது. தெருவிலேயே இருப்பவரை அமர்த்தினாலோ, பிள்ளை டீச்சர் வீட்டுக்குப் போனாலோ, வாரத்தில் ஒரு நாள் ஆன்லைனில் வைத்துக்கொண்டாலோ இரு தரப்புக்கும் மிச்சம்தான்.

முதல் நாளே பேசி முடிக்க வேண்டியவை:

• ஃபீஸ் மாதத்துக்கா, வகுப்புக்கா? முன்பணமா, மாதக் கடைசியிலா?
• பிள்ளை தரப்பில் லீவு என்றால் வகுப்பு போனது போனதா, வேறு நாள் ஈடு செய்வதா?
• டீச்சர் தரப்பில் லீவு என்றால் எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும்?
• தேர்வு நேரத்தில் தினமும் வரச் சொன்னால் கூடுதல் வகுப்புக்கு எவ்வளவு?
• மே மாத விடுமுறைக்கு ஃபீஸ் உண்டா?
• நிறுத்துவதாக இருந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

கடைசியாக இன்னொன்று. "தம்பியும் சும்மா பக்கத்துல உட்காரட்டும் மிஸ்" என்பது எல்லா டீச்சருக்கும் தெரிந்த வசனம். பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கும் ஹோம்வொர்க் இருக்கும், டவுட் இருக்கும். இரண்டு பிள்ளை என்றால் இரண்டு பிள்ளைக்கான ஃபீஸைப் பேசுங்கள். இல்லையென்றால் ஒரு மணி நேரம் அரை மணி நேரமாகிவிடும், நஷ்டம் அண்ணனுக்குத்தான்.

டெமோ கிளாஸில் எதைப் பார்ப்பது?

டெமோ கிளாஸில் பெரும்பாலான பெற்றோர் கவனிப்பது டீச்சரின் ஆங்கிலத்தையும் போர்டில் எழுதும் வேகத்தையும்தான். அதைவிட முக்கியமானது, ஒரு மணி நேரத்தில் பிள்ளை எவ்வளவு பேசியது என்பது. டீச்சர் மட்டுமே பேசி, பிள்ளை தலையாட்டிக்கொண்டிருந்தால் அது இன்னொரு பள்ளி வகுப்பு. பிள்ளையைச் செய்யவிட்டு, எங்கே தப்பு வருகிறது என்று கண்டுபிடிக்கிறாரா? "இதுகூடத் தெரியாதா?" என்று சொல்கிறாரா, வேறு மாதிரி விளக்கிப் பார்க்கிறாரா? வகுப்பு முடிந்ததும் பிள்ளையிடம் "மிஸ் எப்படி?" என்று கேட்காமல், "இன்னைக்கு என்ன பண்ணீங்க? ஒண்ணு போட்டுக் காட்டு" என்று கேளுங்கள். பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

டீச்சர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு டெமோ இலவசமாகக் கொடுப்பது சரி. பரீட்சைக்கு முந்தைய வாரம் "இன்னும் ரெண்டு டெமோ" என்று கேட்டால், அதற்கு ஃபீஸ் உண்டு என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பிள்ளையின் பாதுகாப்பு: நம்பிக்கை வேறு, ஏற்பாடு வேறு

வருபவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், எவ்வளவு நெருங்கிய உறவினர் சொல்லி வந்தாலும், சில ஏற்பாடுகள் எல்லோருக்கும் பொது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது யாரையும் சந்தேகப்பட்டதாக ஆகாது.

• வகுப்பு ஹாலில், அல்லது கதவு திறந்திருக்கும் அறையில் நடக்கட்டும். பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பாருங்கள்.
• பிள்ளை டீச்சர் வீட்டுக்குப் போவதானால் முதல் சில நாட்கள் நீங்களும் கூடப் போய், எந்த அறையில் வகுப்பு, வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.
• டீச்சருக்கும் பிள்ளைக்கும் தனி சாட் வேண்டாம். பெற்றோர் ஒருவரும் சேர்ந்த வாட்ஸ்அப் குழு போதும்.
• அடையாளத்துக்கு ஆதார் கேட்டால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' நகலே போதும்.
• தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சேவைகளில் காவல்துறை சரிபார்ப்புச் சேவையும் இருக்கிறது. தொடர்ந்து பல வீடுகளில் வகுப்பு எடுப்பவர் தனக்காக விண்ணப்பித்து அந்தச் சான்றை வாங்கி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வீட்டிலும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளை திடீரென்று "இன்னைக்கு டியூஷன் வேண்டாம்" என்று அடம்பிடித்தால், சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டும் முன் காரணம் கேளுங்கள். திட்டுவது, அடிப்பது, தொடுவது எதுவாக இருந்தாலும் பிள்ளை சொல்வதை முழுதாகக் கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, நாள் முழுவதும் இலவசம். பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது தெரிந்த எல்லோருக்குமே கடமை. "வெளியே தெரிஞ்சா அசிங்கம்" என்று மூடி மறைத்தால், அடுத்த வீட்டுப் பிள்ளையும் அதே ஆளிடம் போகும்.

வகுப்பு எடுக்கப் போகும் பெண்களுக்கும் பாதுகாப்பு வேண்டும்

இந்தப் பக்கத்தை யாரும் பேசுவதில்லை. முன்பின் தெரியாத வீட்டுக்கு, முன்பின் தெரியாத நம்பரை நம்பி, மாலை ஆறு மணிக்குப் போய் நிற்பவர் பெரும்பாலும் இருபது வயதுகளில் இருக்கும் ஒரு பெண்.

முதல் முறை போகும்போது வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். முகவரியை வீட்டில் சொல்லிவிட்டு, போனில் லைவ் லொகேஷன் பகிர்ந்துவிடுங்கள். பிள்ளையோ பிள்ளையின் அம்மாவோ வீட்டில் இல்லாமல் "உள்ளே வந்து உட்காருங்க" என்றால், "அவங்க வந்ததும் வர்றேன்" என்று சொல்லித் திரும்பலாம், தப்பில்லை. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் இருக்கும் அவசர பட்டனை அழுத்தினால் உங்கள் இருப்பிடம் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். பெண்களுக்கான உதவி எண் 181.

பெற்றோர் செய்யக்கூடியது எளிது. முதல் போன் காலில் அம்மாவே பேசுங்கள், வகுப்பை இருட்டும் முன் முடிக்கப் பாருங்கள்.

பண மோசடி: டீச்சர்களைக் குறிவைக்கும் அழைப்புகள்

"டியூஷன் எடுக்கப்படும்" என்று நம்பரோடு விளம்பரம் கொடுத்தவர்களுக்கு இப்படி ஒரு அழைப்பு வரலாம். பேசுபவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார், அடையாள அட்டை படமும் அனுப்புவார். "பொண்ணுக்கு மூணு மாச ஃபீஸ் அட்வான்ஸா போட்டுடறேன். ஒரு கியூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்" என்பார். ஸ்கேன் செய்து பின் போட்டதும் உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விடும்.

யுபிஐயில் பின் போடுவது பணம் அனுப்புவதற்கு மட்டும்தான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பரும் வேண்டாம், கியூஆர் ஸ்கேனும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

இன்னொரு வகை, "உங்களுக்கு அஞ்சு ஸ்டூடன்ட் ரெடி, ரெஜிஸ்ட்ரேஷன் 999 ரூபாய் கட்டுங்க" என்பது. பணம் கட்டியதும் போன் சுவிட்ச் ஆஃப். பெற்றோரிடமும் "டீச்சர் ரெடி, புக்கிங் சார்ஜ் கட்டுங்க" என்று இதே கதை நடக்கும். ஆளைப் பார்க்காமல், டெமோ நடக்காமல் பணம் கட்ட வேண்டாம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்காதீர்கள். உடனே 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட், பேசிய நம்பர் மூன்றையும் அழிக்காமல் வையுங்கள்.

பெரிய கோச்சிங் மையத்தில் சேர்ப்பதானால்

மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் மையங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களைப் பற்றியது அது; வீட்டு டியூஷன் அதில் வராது. பட்டப்படிப்புக்குக் குறைவான தகுதி உள்ளவர்களைப் பாடம் எடுக்க வைக்கக் கூடாது, 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, முழுக் கட்டணம் கட்டிவிட்டுப் பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளுக்குள் திருப்பித்தர வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. "கட்டாயம் சென்டம்", "100 சதவீதம் செலக்‌ஷன்" போன்ற பொய் வாக்குறுதி விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. வருட ஃபீஸை மொத்தமாகக் கட்டும் முன் ரீஃபண்ட் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏஜென்சியோ மையமோ பணத்தைத் திருப்பித்தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசலாம்.

செலவில்லாத வழிகள்

டியூஷன் வைக்க வசதி இல்லை என்பதால் பிள்ளை பின்தங்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக 2021 அக்டோபரில் தொடங்கப்பட்டது 'இல்லம் தேடிக் கல்வி'. வீட்டுக்கு அருகிலேயே மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் சொல்லித்தருவதுதான் திட்டம். உங்கள் பகுதியில் மையம் இயங்குகிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மாநிலப் பாடத்திட்டப் பாடங்களை வீடியோவாகப் பார்க்க பள்ளிக் கல்வித்துறையின் 'மணற்கேணி' செயலி இருக்கிறது. கல்வி தொலைக்காட்சியின் பாடங்களையும் பார்க்கலாம். வாரம் இரண்டு நாள் டியூஷன், மற்ற நாட்களில் இந்த வீடியோக்கள் என்று பிரித்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு.

ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்

வீட்டு டியூஷனுக்கு முத்திரைத்தாள் ஒப்பந்தம் தேவையில்லை. போனில் பேசி முடித்ததும், பேசியதை இப்படி ஒரு செய்தியாக அனுப்பி, எதிர்த் தரப்பிடம் "ஓகே" வாங்கிவிடுங்கள்:

"வணக்கம் மேடம். பேசினபடி: 9-ம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம், இங்கிலீஷ் மீடியம். கணக்கு மட்டும். முதல் ரெண்டு மாசம் பழைய அடிப்படை, அப்புறம் ஸ்கூல் போர்ஷன். திங்கள், புதன், வெள்ளி மாலை 5 முதல் 6. எங்க வீட்டு ஹால்ல. வகுப்புக்கு 250 ரூபாய், நடந்த வகுப்பை எண்ணி மாசக் கடைசியில. லீவுன்னா முதல் நாளே சொல்லிடலாம்; அன்னைக்கே சொன்னா வகுப்பு நடந்ததா கணக்கு. நிறுத்தறதா இருந்தா ஒரு வாரம் முன்னாடி சொல்லிடலாம். ஒரு மாசம் கழிச்சு உட்கார்ந்து பேசலாம். சரியா இருக்கா?"

இதை அனுப்ப மூன்று நிமிடம் ஆகும். ஆறு மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சு வராது.

அந்த "ஒரு மாசம் கழிச்சு" என்ற வரியை மறக்காமல் சேருங்கள். மனக்குறையை வைத்துக்கொண்டு மூன்றாவது மாதம் போனை எடுக்காமல் விடுவதைவிட, முதல் மாத முடிவில் பத்து நிமிடம் பேசுவது நல்லது. பிள்ளையையும் அருகில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பொருந்தவில்லை என்று தெரிந்தால், நடந்த வகுப்புக்கான பணத்தை அன்றே கொடுத்து, எதுவரை பாடம் முடிந்திருக்கிறது, எங்கே தடுமாற்றம் இருக்கிறது என்று டீச்சரிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்கலாம். பிள்ளைக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாகும்.

போனில் சேமித்து வைக்க வேண்டிய எண்கள்

• பள்ளிக் கல்வி தொடர்பான உதவி: 14417
• குழந்தைகள் உதவி எண்: 1098
• பெண்கள் உதவி எண்: 181
• காவல்துறை அவசர உதவி: 100 / 112
• சைபர் பண மோசடி: 1930
• நுகர்வோர் புகார்: 1915